இரண்டு விரற்கடை

உட்காருவதற்கு முன்னால் மாஸ்டர் இடது கையின் இரண்டு விரல்களை இடுப்பின் இடப்பக்கத்தில் வைத்து, சட்டைத் துணிக்கு மேலாகவே மெல்ல ஓர் அழுத்து அழுத்திப் பார்ப்பார். ஈரம் தட்டவில்லை என்றால் முகம் தெளியும். பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து காலைத் தையல் மிஷினின் மிதியில் வைப்பார். அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் யாராவது எதிரே நின்றால், அதே இரண்டு விரல்கள் சட்டையில் இல்லாத ஒரு நூலைப் பொறுக்கிக் கீழே போடும். முப்பது வருடமாக அடுத்தவர் சட்டையில் நூல் பொறுக்கிய கை என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

கடை முதல் மாடியில் இருக்கிறது. கீழே ஜெராக்ஸ் கடை, பக்கவாட்டில் இருபத்திரண்டு படிகள். படியேறி வரும் ஆளைப் பார்த்தே அவருடைய இடுப்பளவைச் சொல்லிவிடுவார் மாஸ்டர். "முப்பத்தாறுன்னு சொல்லுவாரு பாரு, முப்பத்தெட்டு" என்று தனக்குத்தானே முணுமுணுப்பார். வந்தவர் நிஜமாகவே முப்பத்தாறு என்பார். மாஸ்டர் மறுபேச்சுப் பேசாமல் டேப்பைச் சுற்றி, "சரி சார், முப்பத்தாறே எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, முப்பத்தெட்டுக்குத் துணியை வெட்டுவார். அளவு பார்க்க வந்த மனிதர் மாட்டிப் பார்த்து, "நான் சொன்னேன்ல, கரெக்டா இருக்கு" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கிப் போவார்.

"ஆளு சொல்ற அளவு வேற, உடம்பு சொல்ற அளவு வேற. நான் உடம்பு பேச்சத்தான் கேப்பேன்." இது மாஸ்டர் அடிக்கடி சொல்வது. ஒரே ஒரு தடவை, அதுவும் தன் சொந்த உடம்பின் விஷயத்தில், அந்தப் பேச்சை அவர் கேட்காமல் விட்டார். அதிலிருந்து பதினோரு மாதமாக மனிதர் உள்ளுக்குள் கூனிக் குறுகிக்கொண்டிருக்கிறார்.

மாஸ்டருக்கு வயது ஐம்பத்தாறு. கொஞ்சம் தொப்பை உண்டு. தொப்பை இருந்தாலும் சட்டையை இன் பண்ணாமல் வெளியே கிளம்ப மாட்டார். பேண்ட்டின் முன் மடிப்பு கத்தி மாதிரி நிற்க வேண்டும், இடுப்புப் பட்டி ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார வேண்டும். "நானே தொளதொளன்னு நின்னா என்கிட்ட எவன் துணி குடுப்பான்?" என்பார். மருமகன் முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது, வாங்க என்று சொல்வதற்கு முன்பே அவர் கண் மாப்பிள்ளையின் இடுப்புக்குப் போய், பெல்ட் ஒரு ஓட்டை இறக்கமாக இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டது. வாயைக் கட்டுப்படுத்திக்கொண்டதற்காக வீட்டம்மா இன்றும் அவரைப் பாராட்டுகிறாள்.

போன வருடம் அவருக்கு மலக்குடலில் கட்டி என்றார்கள். டாக்டர் அந்தச் சொல்லைச் சொல்லாமல் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தபோது மாஸ்டரே எடுத்துக் கொடுத்தார். "கேன்சர்னே சொல்லுங்க டாக்டர், பரவால்ல. வெட்டணும்னா வெட்டுங்க. வெட்டறதப் பாத்து நான் பயந்தா என் பொழப்பு ஓடுமா?" டாக்டர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு வார்டு முழுக்கப் பரவி, தைரியசாலி என்ற பெயர் அன்றைக்கே மாஸ்டருக்கு ஒட்டிக்கொண்டது.

அது பொய்ப் பெயர் என்று சொல்ல முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். விரல் நுனிகள் மரத்துப்போயின. ஊசி கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. குளிர்ந்த இரும்பைத் தொட்டால் சுரீரென்று இழுத்தது. மாஸ்டர் கத்தரியின் இரண்டு வளையத்துக்கும் கம்பளித் துணியில் உறை தைத்து மாட்டிக்கொண்டு வெட்டினார். வாந்தி வந்தால் எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, காலர் தைத்தார். அந்த நோய் அவரை அழவைக்கவில்லை. அழவைத்தது வேறு.

கட்டியோடு சேர்த்து, மலம் வெளியே போகும் வழியையும் எடுத்தாக வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக வயிற்றின் இடப்பக்கம் ஒரு வழி. அதைச் சுற்றித் தோலில் ஒட்டும் ஒரு தட்டு, தட்டின் மேல் ஒரு பை, காலத்துக்கும். டாக்டர்கள் அந்த வழிக்கு ஸ்டோமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாஸ்டர் அதை 'அது' என்பார். அது எந்த இடத்தில் வர வேண்டும் என்று ஆபரேஷனுக்கு முந்தின நாளே நோயாளியின் வயிற்றில் பேனாவால் அடையாளம் போடுவார்கள். மாஸ்டருக்குப் போட வந்தவள் சின்ன சிஸ்டர்.

சின்ன சிஸ்டர் ஒன்றும் சின்னப் பெண் இல்லை. முப்பத்திரண்டு வயது, மாஸ்டரை விட அரைச் சாண் உயரம். அந்தப் பிரிவுக்குப் பெரிய சிஸ்டர் என்று ஒருவர் தலைமையில் இருப்பதால் இவள் சின்ன சிஸ்டர் ஆகிவிட்டாள். காலையில் வந்து மாஸ்டரைப் படாத பாடு படுத்தினாள். "உக்காருங்க மாஸ்டர். செருப்பு மாட்டற மாதிரி குனிங்க. ம், நில்லுங்க. இப்ப படுங்க, தலைய மட்டும் தூக்குங்க." வயிறு எங்கெல்லாம் மடிகிறது, எங்கே தட்டையாக நிற்கிறது என்று ஒவ்வொரு தடவையும் விரலால் தடவிப் பார்த்தாள். "மிஷின்ல எப்படி உக்காருவீங்க? அப்படி உக்காந்து காட்டுங்க." கட்டிலின் விளிம்பில் இல்லாத மிஷினை மிதித்துக் காட்டியபோது, இந்தப் பொண்ணு ஒழுங்கா அளவெடுக்கத் தெரிஞ்சவ என்று மாஸ்டர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

கடைசியில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் ஒரு பெருக்கல் அடையாளம் போட்டாள். மாஸ்டர் குனிந்து பார்த்தார்.

"பெல்ட்டுக்கு மேல வருதே சிஸ்டர்?"

"ஆமா மாஸ்டர். கீழ போட்டா, உக்காரும்போது மடிப்புக்குள்ள போயிடும். தட்டு ஒட்டாது, கசிஞ்சுகிட்டே இருக்கும். இங்கன்னா உங்க கண்ணுக்கும் தெரியும், நீங்களே மாத்திக்கலாம்."

"சட்டைய இன் பண்ணா துருத்திக்கிட்டு நிக்குமே."

"இன் பண்ணாதீங்க, அவ்ளோதான்" என்று சிரித்தாள். "குளிக்கறப்ப அழிஞ்சா கூப்பிடுங்க. நானே வந்து திரும்பப் போட்டுத் தரேன்."

அவ்ளோதான் என்று அவள் சொன்னது மாஸ்டருக்கு மத்தியானம் வரை காதில் நின்றது. கேன்சரைக் கேட்டுக் கலங்காத மனிதர், இனிமேல் சட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைய வேண்டும் என்பதைக் கேட்டு ஆடிப்போனார் என்றால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் நடந்தது அதுதான். மத்தியானம் வீட்டம்மா டீ வாங்கப் போன நேரத்தில் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். ஊசி போட்டபோது மேஜையில் விட்டுப் போன ஸ்பிரிட் பஞ்சை எடுத்துவந்திருந்தார். துணியில் மைக்கறை எடுப்பது அவருக்குப் புதிதா? ஒரே நிமிடத்தில் வட்டம் போய்விட்டது. பிறகு கண்ணாடி முன் நின்று, பழைய இடத்திலிருந்து இரண்டு விரற்கடை கீழே இறக்கி, துணியில் அடையாளம் போடச் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் பேனாவால் அதே அளவில் வட்டம் போட்டார். நடுவில் அதே மாதிரி பெருக்கல். பேண்ட்டை ஏற்றிப் பார்த்தார். இடுப்புப் பட்டிக்குள் அழகாக மறைந்தது. நின்ற நிலையில் அது பிரமாதமான இடம். அவர் உட்கார்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அந்த வட்டத்தில்தான் வெட்டினார்கள்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், முதல் தடவையாகப் பையை மாற்ற வந்த சின்ன சிஸ்டர், போர்வையை விலக்கியதும் கை நின்றுபோய் அப்படியே பார்த்தாள். "நான் இங்கயா போட்டேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் மாஸ்டருக்குப் பிறகு வாய்க்கவில்லை. அவர் உத்தரத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை என்று பிற்பாடு தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். குழாயை மறுநாளே எடுத்துவிட்டார்கள்.

அவள் சொன்னது அத்தனையும் அப்படியே நடந்தது. உட்கார்ந்தால் வயிற்று மடிப்பு அதை விழுங்கியது. தட்டின் ஓரம் கிளம்பிக்கொண்டது. மற்றவர்கள் நான்கு நாளைக்கு ஒரு தடவை மாற்றும் தட்டை மாஸ்டர் ஒரே நாளில் இரண்டு தடவை மாற்றினார். தொப்பை மறைத்ததால் குனிந்தாலும் கண்ணுக்குத் தெரியவில்லை. கைக்கண்ணாடி ஒன்றை ஜன்னல் கம்பியில் சொருகி வைத்து, தலைகீழாகத் தெரியும் தன் வயிற்றைப் பார்த்து ஒட்டப் பழகினார். தோல் வெந்து சிவந்தது. ஒருநாள் கடையில் ஒரு பெரிய மனிதருக்குக் கோட்டின் தோளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது நனைந்துவிட்டது. சட்டென்று இஸ்திரிக்குத் தெளிக்கும் தண்ணீரைத் தன் மேல் கொட்டிக்கொண்டு, "ஐயோ, கை தவறிடுச்சு சார்" என்றார். வந்தவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சீக்கிரம் கிளம்பிப்போனார்.

சட்டையை இன் பண்ணுவது அன்றோடு நின்றது. எதற்காக அந்த இரண்டு விரற்கடையைத் திருடினாரோ அதுவே கைவிட்டுப் போய்விட்டது. இப்போது தொளதொளவென்று சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, கேட்பவர்களிடம், "இப்ப இதான் சார் ஃபேஷன்" என்கிறார்.

இதெல்லாம் அவர் உடம்போடு போயிருந்தால் பரவாயில்லை. ஆனால் பழி சின்ன சிஸ்டர் தலையில் விழுந்தது. "நீ போட்ட இடத்துலதான் நான் வெட்டினேன்" என்று டாக்டர் அவளிடம் கையை விரித்தார். பெரிய சிஸ்டர், மாஸ்டரின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே அவளைக் கேட்டார்: "உக்கார வெச்சுப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன் சிஸ்டர்."

"குனிய வெச்சு?"

"பாத்தேன்."

"அப்ப எப்படி இங்க வந்துச்சு?"

"பாத்தேன்னுதான் சிஸ்டர் நினைக்கிறேன்" என்றாள் அவள். அவ்வளவு நேரம் 'பாத்தேன்' என்று சொன்னவள், தன் கண்ணையே நம்பாமல் 'நினைக்கிறேன்' என்று இறங்கியதை மாஸ்டர் ஒரு கை தூரத்திலிருந்து கேட்டார். அன்றிலிருந்து பெரிய சிஸ்டர் பக்கத்தில் இல்லாமல் சின்ன சிஸ்டர் யாருக்கும் அடையாளம் போடக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது.

இதற்கு மேல் வீட்டம்மா வேறு. அவள் கோபக்காரி இல்லை. வீட்டுக்காரர் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் குளியலறையில் இருப்பதையும், நனைந்த படுக்கை விரிப்பைக் காலையில் அவரே அலச முயல்வதையும் பார்த்துப் பார்த்து ஒருநாள் பொங்கிவிட்டாள். வியாழக்கிழமை தோறும் காட்டப் போகும் சிகிச்சை அறையில் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படி அவசரப்பட்டுப் போட்டிருப்பீங்களா சிஸ்டர்? கொஞ்சம் நின்னு நிதானமா பாத்திருக்கலாம்ல?"

சின்ன சிஸ்டரின் கண் நிறைந்துவிட்டது. "என் தப்புதாம்மா. மன்னிச்சுக்குங்க. என்னால முடிஞ்சத எல்லாம் செஞ்சு சரி பண்ணிடறேன்" என்றாள்.

மாஸ்டர் பக்கத்தில் எடை பார்க்கும் மிஷினின் மேல் நின்றுகொண்டிருந்தார். அறுபத்தொன்பதரை. அந்த எண்ணை அவர் வெகுநேரம் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் வீட்டம்மா, "நான் அதிகமா பேசிட்டேனாங்க?" என்று கேட்டபோது, "விடு விடு, அந்தப் பொண்ணு பாவம்" என்று மட்டும் சொன்னார். அப்படிச் சொன்னதற்காக வீட்டம்மா அவரிடம், உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு என்றாள். மாஸ்டருக்கு அந்த வார்த்தை செருப்பால் அடித்தது போல் இருந்தது.

சரி பண்ணிடறேன் என்று சொன்னவள் சும்மா இருக்கவில்லை. மடிப்பில் பசை நிரப்பிப் பார்த்தாள். தட்டின் ஓட்டையை முட்டை வடிவத்தில் வெட்டிப் பார்த்தாள். வீட்டில் காகிதத்தில் பத்துப் பதினைந்து மாதிரிகள் வெட்டிக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். வெந்த தோலுக்குத் தூவ ஒரு பொடி கொடுத்து, மாஸ்டர் விரலைப் பிடித்து எவ்வளவு தூவ வேண்டும் என்று காட்டினாள். ஒரு விடுமுறை நாளில், புதிதாக வந்த ஒரு வகைத் தட்டை எடுத்துக்கொண்டு இருபத்திரண்டு படியும் ஏறிக் கடைக்கே வந்து நின்றாள். மாஸ்டர் அவளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ சொல்லி அனுப்பினார். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தார். மூன்று தடவையும், "வெயிலு ஜாஸ்தியா இருக்குல்ல சிஸ்டர்" என்றுதான் வந்தது.

சொல்ல முடியாத அந்தப் பாரத்தை மாஸ்டர் தையலில் இறக்கினார். அதுபோல் பை வைத்திருப்பவர்களுக்காகவே ஒரு பேண்ட் தைக்கக் கண்டுபிடித்தார். பட்டி நெஞ்சுக்குக் கீழே வரை ஏறும், உள்ளே மெத்தென்று ஒரு துணிப்பை இருக்கும், பெல்ட் கிடையாது, தோளிலிருந்து வார். வியாழக்கிழமை தோறும் இரண்டு மூன்று எடுத்துப்போய் வேண்டியவர்களுக்குச் சும்மா கொடுத்தார். புதிதாகக் கட்டி என்று கேட்டு இடிந்துபோய் உட்கார்ந்திருப்பவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கத்தரிக்கே பயப்படாத ஆளுங்க நாம, இதுக்கா?" என்று பேச்சுக் கொடுத்தார். நர்ஸுகள் அவரைக் கைகாட்டி, மாஸ்டரைப் பாருங்க, எப்படித் தெம்பா இருக்காரு என்றார்கள். அந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது என்று மாஸ்டருக்கு மட்டும் தெரியும். யாராவது கையெடுத்துக் கும்பிட்டால் அவர் காதுமடல் சிவந்துவிடும். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு வியாழன் சின்ன சிஸ்டர் ஒரு படிவத்தோடு வந்தாள். நோயாளிகளின் மனவலிமை எப்படி இருக்கிறது என்று கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டுமாம்.

"'எவ்வளவு கஷ்டம் வந்தாலும் மீண்டு வந்துடுவேன்.' எப்பவும், சில சமயம், எப்பவும் இல்ல. எது மாஸ்டர்?"

"எப்பவும்னு போடுங்க."

"'என்னால மத்தவங்க கஷ்டப்படறாங்கன்னு தோணுது.'"

மாஸ்டர் குனிந்துகொண்டார். தரையின் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"உங்களப் போய் இத கேக்கறேன் பாருங்க" என்று அவளே சிரித்துக்கொண்டு, 'எப்பவும் இல்லை' என்பதில் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

போன வியாழக்கிழமை மாஸ்டர் போனபோது சிகிச்சை அறையின் திரைக்குப் பின்னால் ஒரு பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது, நல்ல ஆகிருதி. மறுநாள் காலை ஆபரேஷன், முதல் ஆள் அவர்தான். பெரிய சிஸ்டர் மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு. போனில் கேட்டதற்கு, "இன்னிக்கு ஒரு நாள் நீயே போட்டுடு, வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டாராம். சின்ன சிஸ்டர் பேனாவை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றாள். மாஸ்டரைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் இளகியது.

"நல்ல வேளை வந்தீங்க. இவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்களேன். காலைலேருந்து தண்ணிகூடக் குடிக்கல."

டிரைவர் மாஸ்டரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "உங்களுக்கும் இதேவாண்ணே? பாத்தா ஒண்ணும் தெரியலயே. எங்க இருக்கு?"

மாஸ்டர் சட்டைக்கு மேல் தொட்டுக் காட்டினார்.

"பேண்ட்டுக்குள்ளயே போயிடுதா!" டிரைவருக்கு அன்றைக்கு முதன்முதலாக முகம் மலர்ந்தது. "சிஸ்டர், எனக்கும் அண்ணனுக்குப் போட்ட எடத்துலயே போட்டுடுங்க. யூனிஃபார்ம் போட்டுத்தானே வண்டி எடுக்கணும்? இன் பண்ணாம டிப்போக்குள்ள விடமாட்டான்."

"அந்த எடம் வேணாங்க" என்றாள் சின்ன சிஸ்டர். குரல் தாழ்ந்துவிட்டது. "அது நான் தப்பா போட்டது. மாஸ்டர் பாவம், பொறுமைசாலி. வெளிய சொல்றதில்ல. தினம் அவதிப்படறாரு."

டிரைவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், பயந்த மனிதன் கேட்கும் கேள்வியாகவே கேட்டார்: "அப்ப எனக்கு மட்டும் சரியா போடுவீங்கன்னு என்ன நிச்சயம்?"

சின்ன சிஸ்டர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமே வரவில்லை. வந்திருந்தால் மாஸ்டர் தப்பித்திருப்பார். "நீங்க கேக்கறது நியாயம்தான்" என்றாள். "நான் போடல. நாளைக்குத் தியேட்டர்ல டாக்டரே பாத்துப் போட்டுக்கட்டும்." பேனாவின் மூடியைத் தேடினாள்.

தியேட்டரில் மனிதன் மல்லாந்து படுத்திருப்பான். படுத்த வயிற்றில் மடிப்பு எங்கே தெரியும்? பத்து மணி நேரம் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து பிழைக்கிற ஆள் இவர். ஜன்னல் கம்பியில் சொருகிய கைக்கண்ணாடி, வெந்த தோல், நனைந்த விரிப்பு, மேலே கொட்டிக்கொள்ளும் தண்ணீர், எல்லாம் இந்த ஆளுக்கும் காலத்துக்கும் வரப்போகிறது. அதையும் இந்தப் பெண் தன் கணக்கில்தான் எழுதிக்கொள்வாள். திரைக்கு வெளியே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், துணித் திரை, ஒரு வார்த்தை விடாமல் கேட்கும் என்று மாஸ்டருக்குத் தெரிந்தது.

"சிஸ்டர், பேனாவ மூடாதீங்க."

அவள் நிமிர்ந்தாள்.

"நீங்க எனக்குத் தப்பா போடல. நீங்க போட்டது இங்க இல்ல, மேல." திரைப் பக்கம் பார்க்காமல் சொன்னார். "நான்தான் அழிச்சுட்டேன். அன்னிக்கு மத்தியானம், பாத்ரூம்ல, ஸ்பிரிட் பஞ்ச வெச்சு. இன் பண்ணா தெரியக் கூடாதுன்னு ரெண்டு விரக்கடை கீழ எறக்கி நானே போட்டுக்கிட்டேன். உங்க வட்டம் மாதிரியே."

திரைக்கு வெளியே பேச்சு நின்றுவிட்டது. டிரைவர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சின்ன சிஸ்டர் பேனாவைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். அவள் திட்டமாட்டாளா என்று மாஸ்டர் ஏங்கினார்.

சொன்னது போதவில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த இடத்தை வீட்டம்மாவே இதுவரை பார்த்ததில்லை. சிகிச்சைக்கு வரும்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் காட்டுவார். அந்த மனிதர் இரண்டு கையாலும் சட்டையை நெஞ்சு வரைக்கும் தூக்கினார். "இத பாருங்க தம்பி" என்று டிரைவரின் எதிரே ஸ்டூலில் மிஷின் முன்னால் உட்காருவது போல் உட்கார்ந்தார். மடிப்பு விழுந்தது. தட்டின் கீழ் ஓரம் தோலைவிட்டுக் கிளம்பியது. "நின்னா அழகா இருக்கும். உக்காந்தா இதான். சிஸ்டர் சொல்ற எடத்துல போட்டுக்குங்க. நான் அவங்க பேச்சக் கேக்கல."

டிரைவர் உதட்டைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மாஸ்டர் எழுந்து ஒதுங்கி நின்றார்.

"உங்க வீட்டம்மா என்னைக் கேட்டாங்களே" என்றாள் சின்ன சிஸ்டர், மெதுவாக. "அப்ப பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமா."

"பெரிய சிஸ்டர் கேட்டப்பவும்?"

"ஆமா சிஸ்டர்."

"கடைக்கு வந்தேன். டீ வாங்கிக் குடுத்தீங்க."



அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மாஸ்டரின் பக்கம் திரும்பாமல் டிரைவர் முன்னால் போய் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். "நேரா உக்காருங்க. வண்டி ஓட்டற மாதிரி கைய நீட்டுங்க. பிரேக் மிதிங்க. இப்ப கண்ணாடியப் பாக்கத் திரும்புங்க." டிரைவர் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினார். அவள் விரல் அவர் வயிற்றில் ஒவ்வொரு மடிப்பாகத் தடவிப் பார்த்து நகர்ந்து, ஓரிடத்தில் நின்றது. "நில்லுங்க. குனிங்க. ம், மறுபடி உக்காருங்க" என்றாள். வட்டம் போட ஆரம்பித்தாள். மாஸ்டர் சுவரோரம் நின்றிருந்தார். சட்டையை இறக்கிக்கொள்ளலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியாமல், இரண்டு கையாலும் அதை நெஞ்சு வரைக்கும் தூக்கிப் பிடித்தபடி, அவள் வேலை முடியும் வரை நின்றுகொண்டே இருந்தார்.